முதலிடம் வந்த அணிக்கு என்ன மரியாதை? லீக்குக்குப் பிறகான சுற்றை எப்படி வைப்பது

மலையகத் தோட்டங்களுக்கு இடையிலான உதைபந்தாட்டப் போட்டிகளில், லீக் கட்டத்தில் பெரிய சிக்கல் வருவதில்லை. பத்துத் தோட்டங்களின் அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதுடனும் ஒருமுறை மோதும், வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. இதில் யாரும் முறைத்துக்கொள்வதில்லை. சண்டை அதற்குப் பிறகுதான். அடுத்த சுற்றுக்கு நாலு அணியா, எட்டா? ஒரே ஆட்டமா, அங்கே ஒன்று இங்கே ஒன்றா? சமநிலை என்றால் பெனால்டியா? நோர்வூட், பொகவந்தலாவை, பண்டாரவளை என்று எந்தப் பக்கத்துக் கழகத்துப் பிள்ளைகள் கேட்டாலும் கேள்வி இதில்தான் வந்து நிற்கிறது. கூட்டம் இரவு பத்து மணிவரை இழுபட்டு, கடைசியில் "போன வருசம் மாதிரியே வைப்போம்" என்று கலைவதும் வழக்கம்தான்.

இதே கேள்வியோடு முப்பது வருடமாக மல்லுக்கட்டும் தொழில்முறை லீக் ஒன்று இருக்கிறது. அமெரிக்க, கனேடிய அணிகள் ஆடும் மேஜர் லீக் சொக்கர். மெஸ்ஸி போய்ச் சேர்ந்த பிறகு நம் பிள்ளைகளுக்கும் அது பழக்கமான பெயர். இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வந்தால் கிண்ணம் கைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் அது போதாது. லீக் முடிந்ததும் பிளேஓஃப் என்ற விலகல் சுற்று தொடங்கும், அதில் வெல்பவருக்கே கிண்ணம். 1996 இல் தொடங்கிய அந்தச் சுற்றின் வடிவத்தை அவர்கள் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நாம் யோசிக்கக்கூடிய முறைகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் தங்கள் பணத்தைப் போட்டுப் பரீட்சித்துப் பார்த்தாயிற்று. நமக்கு ஓசியில் கிடைக்கும் பாடம்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, ஞாயிறு. ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. ஆகவே தைப்பொங்கலிலிருந்து சித்திரைப் புத்தாண்டு வரையான பன்னிரண்டு, பதின்மூன்று ஞாயிறுகள்தான் நம்பக்கூடியவை. பதுளை, பசறைப் பக்கத்துக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை, அதனால் காலத்தைத் தள்ளிப் பிடிக்கவேண்டும். பத்து அணி லீக்குக்கு ஒன்பது ஞாயிறு, ஞாயிறுக்கு ஐந்து ஆட்டம், மொத்தம் 45. மழைக்கு ஒன்றிரண்டை ஒதுக்குங்கள். மிஞ்சுவது இரண்டு, மிஞ்சினால் மூன்று.

இரண்டாவது, வாகனம். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை. அதே மாதங்கள்தான் நம் மழையில்லா மாதங்களும். நல்லதண்ணிப் பாதையில் ஓடும் வேன்காரரிடம் வார இறுதியில் வாடகை பேசிப் பார்த்தவருக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, வெளிச்சம். நமது மைதானங்களில் விளக்கு இல்லை. நாலரை மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் இந்தப் பக்கத்துக் கோல்காப்பாளருக்கு அந்தப் பக்கத்துக் கம்பம் தெரியாது. மேலதிக நேரம், அதன்பின் பெனால்டி என்று புத்தகத்தில் எழுதுவது சுலபம்.

நாலாவது, மூன்று மாதம் உழைத்துப் பட்டியலில் மேலே வந்த அணிக்கு அந்த உழைப்பால் கையில் என்ன கிடைக்கிறது என்பது. ஐந்தாவது, விதியை வரிசையில் நிற்கும் பத்து வயதுப் பையனுக்கு இரண்டு வரியில் சொல்ல முடியுமா என்பது. சொல்ல முடியாத விதி கடைசியில் அடிதடியில்தான் முடியும்.

இந்த ஐந்தில் நாலாவதைத்தான் கூட்டங்களில் மறந்துவிடுகிறோம். என் கணக்கில் அதுதான் முதலாவதாக இருக்கவேண்டியது.

## வடிவத்துக்கு முன்னால்: எத்தனை அணி?

1996 இல் மேஜர் லீக் சொக்கரில் பத்து அணிகள். ஒவ்வொன்றும் 32 ஆட்டம். மொத்தம் 160 ஆட்டம் ஆடி முடித்த பிறகு எட்டு அணிகள் பிளேஓஃபுக்குப் போயின. வீட்டுக்குப் போனவை கொலராடோவும் நியூ இங்கிலண்டும் மட்டும். இரண்டு அணிகளைக் கழிக்க 160 ஆட்டம்.

நம்மூரில் பத்து அணியில் எட்டை எடுப்போம் என்று ஒருவர் சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள். எட்டை எடுக்கச் சொல்வதற்கு நியாயம் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நுழைவுக் கட்டணம் கட்டிய தோட்டங்கள் கடைசிவரை ஆடினால் அவர்களது ஆட்களும் கடைசிவரை வருவார்கள், டிக்கெட்டும் வடையும் தேத்தண்ணியும் விற்கும். அமெரிக்காவிலும் காரணம் இதேதான்: கூடுதல் அணி, கூடுதல் சொந்த மைதான ஆட்டம், கூடுதல் வருமானம். 2011 இல் பத்து, 2015 இல் பன்னிரண்டு, 2019 இல் பதினான்கு, 2023 முதல் பதினெட்டு என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. லீக்கும் பெரிதாகிவிட்டதால் விகிதத்தில் 1996 அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் 2023 இல் 29 அணியில் 18 என்றால் பாதிக்கு மேல்.

அதன் விலை என்ன? 2009 ஐப் பாருங்கள். றியல் சோல்ட் லேக் 30 ஆட்டத்தில் 11 வெற்றி, 12 தோல்வி, 7 சமநிலை. வென்றதைவிடத் தோற்றது அதிகம். நாற்பது புள்ளியோடு கடைசி ஆளாக உள்ளே நுழைந்து, இறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் கலக்ஸியுடன் 1-1 சமநிலை, பெனால்டியில் கிண்ணம். அந்த வருடம் லீக்கில் முதலிடம் கொலம்பஸ் குரூ. அவர்களுக்குக் கிடைத்தது லீக்கின் சிறந்த அணிக்கான கேடயம். அந்தக் கேடயத்தையும் கிண்ணத்தையும் ஒரே அணி ஒரே வருடத்தில் எடுத்தது 1996 முதல் 2024 வரையான 29 பருவங்களில் எட்டுத் தடவைதான்.

கேள்விப்படாத அணி கிண்ணம் தூக்குவது பார்க்க நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆறாம் ஏழாம் வாரத்திலேயே "எப்படியும் எட்டுக்குள் வந்துவிடுவோம்" என்று தெரிந்த அணி, அடுத்த ஞாயிறு நல்ல பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வரும். கொழுந்து கூடும் மாதத்தில் ஞாயிறும் வேலை கொடுத்தால் பாதி அணி மலையில் நிற்கும், மைதானத்துக்கு ஏழு பேர் வருவார்கள். அப்போது அந்த 45 ஆட்டமும் யாருக்காக?

பத்து அணி லீக்குக்கு நாலு போதும். பன்னிரண்டு இருந்தால் ஆறு வரை போகலாம், முதல் இரண்டு அணிகளுக்கு ஒரு சுற்று ஓய்வு கொடுத்து. பாதிக்கு மேல் எடுக்கவே கூடாது. இனிக் கீழே வரும் எல்லாவற்றையும் நாலு அணி என்ற கணக்கிலேயே பார்க்கிறேன்.

## தெரிவு 1: பட்டியலில் முதலிடமே கிண்ணம்

நியாயத்தில் இதை மிஞ்ச எதுவும் கிடையாது. செலவும் இல்லை. ஆனால் ஒரு அணி ஏழாவது வாரத்திலேயே எட்ட முடியாத தூரம் போய்விட்டால் கடைசி ஞாயிறு செத்துவிடும். பரிசளிப்புக்குக் கூட்டம் வேண்டும், பிரதம அதிதி வரவேண்டும், இறுதிப் போட்டி என்று சுவரொட்டி ஒட்டவேண்டும் என்றால் இது சரிவராது. ஆறு அணிக்குக் குறைந்த லீக்கில் எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை ஆடுவதாக இருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

## தெரிவு 2: ஒரே ஆட்டம், தோற்றால் வீடு

2019 இல் மேஜர் லீக் சொக்கர் எல்லாச் சுற்றையும் ஒரே ஆட்டமாக்கியது. காரணம் நாட்காட்டி. அதற்கு முந்தைய வருடங்களில் நவம்பரில் வரும் சர்வதேச ஆட்ட இடைவெளி பிளேஓஃபை நடுவில் வெட்டி, இறுதிப் போட்டி டிசம்பர்க் குளிருக்குள் போய்க்கொண்டிருந்தது. 2019 இல் நவம்பர் 10 ஆம் திகதியே இறுதி முடிந்தது. நமக்கு மழை, அவர்களுக்குப் பனி.

நாலு அணி என்றால் மூன்று ஆட்டம், இரண்டு ஞாயிறு. விதியை ஒரு வரியில் சொல்லலாம். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வந்தால் போதும்.

குறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: ஒரு மோசமான பின்னேரம் மூன்று மாதத்தை அழித்துவிடும். அதே 2019 இல் 72 புள்ளி எடுத்து அதுவரை யாரும் எட்டாத சாதனை படைத்த லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இன்னொரு அணியான எல்ஏஎஃப்சி, தன் சொந்த மைதானத்தில் சியாட்டிலிடம் 1-3 என்று தோற்று அரையிறுதிக் கட்டத்திலேயே வெளியே போனது.

ஆனால் அமெரிக்காவில் ஒரே ஆட்டம் என்றால் அது பட்டியலில் மேலே முடித்த அணியின் சொந்த மைதானத்தில் நடக்கும். முதலிடத்துக்கான மரியாதை அங்கேதான் இருக்கிறது. 2012 முதல் இறுதிப் போட்டியையும் அப்படித்தான் வைக்கிறார்கள். அதற்கு முன் இறுதிக்கு ஏதோ ஒரு நகரத்தை முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். நாம் என்ன செய்கிறோம்? ஹட்டன் டன்பார் மைதானத்தையோ நோர்வூட் தொண்டமான் மைதானத்தையோ எடுத்து எல்லா ஆட்டத்தையும் அங்கேயே வைக்கிறோம். பொது மைதானத்தில் முதலாவது வந்த அணிக்கும் நாலாவது வந்த அணிக்கும் இடையில் வித்தியாசமே இல்லை. அந்த நிமிடத்தில் லீக் முழுவதும் வெறும் ஆள் பிடிக்கும் சடங்காகிவிடுகிறது.

இதற்கு மருந்து மெக்சிக்கோவில் இருக்கிறது. அங்கே லீகா எம்எக்ஸ் என்ற லீக்கின் காலிறுதியிலும் அரையிறுதியிலும் இரு அணிகளும் இரண்டு ஆட்டமும் சேர்த்துக் கோலில் சமமாக முடிந்தால் பட்டியலில் மேலே இருந்த அணி முன்னேறும். பெனால்டி கிடையாது. இறுதிப் போட்டிக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அவர்கள் இரண்டு ஆட்ட மொத்தத்துக்கு வைத்த விதியை நாம் ஒரே ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்: அரையிறுதி சமநிலையில் முடிந்தால் மேலே இருந்த அணி இறுதிக்கு. கீழே இருந்த அணி வென்றே ஆகவேண்டும்.

இந்த ஒரு வரி மூன்று வேலை செய்கிறது. லீக்கின் கடைசி வாரத்தில் இரண்டாமிடமா மூன்றாமிடமா என்பதற்கே அணிகள் அடித்துக்கொள்ளும். மேலதிக நேரமும் பெனால்டியும் போய்விடுவதால் பனி இறங்குமுன் வீடு போகலாம். சத்தம் போடும் கூட்டத்துக்கு நடுவில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் பெனால்டியை மேலே அடித்துவிட்டு வருடம் முழுக்கப் பேச்சு வாங்கும் கொடுமையும் குறையும். எதிர்ப்பும் வரும்: மேலே இருந்த அணி பத்துப் பேரையும் பின்னால் நிறுத்திக் கதவைப் பூட்டிவிடும் என்பார்கள். பூட்டட்டும். ஒரு கோல் விழுந்ததும் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

## தெரிவு 3: இரண்டு ஆட்டம், மொத்தக் கோல்

அங்கே ஒன்று இங்கே ஒன்று ஆடி, இரண்டிலும் சேர்த்துக் கோல் கூடியவர் முன்னேறுவார். 2003 இல் அமெரிக்கா இந்த முறைக்கு மாறியது. 2018 வரை ஏதாவது ஒரு சுற்றில் இது இருந்தது. முதல் வருடமே இதன் அழகு முழுவதும் ஒரே மோதலில் தெரிந்துவிட்டது. முதல் ஆட்டத்தில் கலக்ஸி சான் ஹொசேயை 2-0 என்று வென்றது. இரண்டாவது ஆட்டம் சான் ஹொசேயில். தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் கலக்ஸி இன்னும் இரண்டு கோல். மொத்தம் 4-0. வேறு எந்த முறையிலும் அத்தோடு சனம் எழுந்து போயிருக்கும். சான் ஹொசே ஒவ்வொன்றாகத் திருப்பியது. நாலாவது கோல் தொண்ணூறாவது நிமிடத்தில். மேலதிக நேரத்தில் ரொட்ரிகோ ஃபாரியா அடித்த தங்கக் கோலோடு, அதாவது விழுந்த உடனே ஆட்டத்தை முடிக்கும் கோலோடு, 5-4. அந்த வருடம் கிண்ணமும் சான் ஹொசேக்கே போனது.

அப்படி ஒரு பின்னேரத்தைத் தன் தோட்டத்து மைதானத்தில் பார்க்கவேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? இரண்டு தோட்டத்துக்கும் மைதானம் இருந்தால், இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டமாக இருந்தால், இது அருமையான முறை. இரு பக்கத்துச் சனமும் ஒருமுறை சொந்த வாசலில் பார்க்கும். நம் தோட்ட மைதானங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒன்று சரிவு, ஒன்றில் மூலையில் சேறு, இன்னொன்றில் பந்து தேயிலைக்குள் போனால் தேடவே ஐந்து நிமிடம். இரண்டு இடத்திலும் ஆடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு மூன்று. ஒன்று, வாகனமும் மத்தியஸ்தர் கட்டணமும் இரட்டிப்பு. இரண்டு, முதல் ஆட்டம் பெரும்பாலும் சப்பென்று போகும், தோற்காமல் வந்தால் போதும் என்றே இரண்டு அணியும் ஆடும். மூன்று, முதலிடத்துக்குக் கிடைக்கும் சலுகை மெலிந்துபோகும். இரண்டாவது ஆட்டம் சொந்த மண்ணில் என்பதுதான் அதிகபட்சம். அமெரிக்கப் புள்ளிவிபரங்களும் இதையே காட்டுகின்றன: 2003 முதல் 2018 வரையான 16 பருவங்களில் லீக்கில் முதலாவது வந்த அணி கிண்ணமும் எடுத்தது மூன்று தடவைதான், 2008, 2011, 2017.

மொத்தக் கோல் சமமானால் எதிரணியின் மைதானத்தில் கூடுதல் கோல் அடித்தவர் முன்னேறும் வெளி மைதானக் கோல் விதியைத் தொடவே வேண்டாம். 2014 இல் அதைக் கொண்டுவந்தார்கள். அந்த வருடமே லீக்கில் முதலாவது வந்த சியாட்டில், கலக்ஸியிடம் வெளியே 0-1, வீட்டில் 2-1. மொத்தம் 2-2. கலக்ஸி சியாட்டில் மைதானத்தில் அடித்த அந்த ஒரு கோலால் முதலிட அணி வெளியே. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமே 2021-22 பருவத்திலிருந்து தன் கழகப் போட்டிகளில் அந்த விதியைத் தூக்கிவிட்டது. இன்னமும் நம்மூர் விதித்தாள்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், பழைய தாளைப் பார்த்து எழுதியது என்றுதான் அர்த்தம்.

## தெரிவு 4: மூன்றில் இரண்டு

மூன்று ஆட்டத் தொடர், அதில் இரண்டை வெல்பவர் முன்னேறுவார். இதைக் கேட்கும் பிள்ளைகள் அநேகமாகக் கூடைப்பந்து பார்ப்பவர்கள். 1996 முதல் 1999 வரை அமெரிக்காவில் முதல் இரண்டு சுற்றும் இப்படித்தான். அந்தக் காலத்தில் சமநிலையே கூடாது என்று, 35 யார் தூரத்திலிருந்து பந்தை ஓட்டிக்கொண்டு வந்து ஐந்து விநாடிக்குள் அடிக்கும் ஒரு விசித்திரமும் வைத்திருந்தார்கள்.

2000 இல் அதை எடுத்துவிட்டு, "ஐந்து புள்ளியை முதலில் எடுப்பவர் வெற்றி" என்று மாற்றினார்கள். மூன்று ஆட்டம், வெற்றிக்கு மூன்று, சமநிலைக்கு ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு அணி ஒன்றை வென்று, ஒன்றைச் சமன்செய்து, ஒன்றைத் தோற்றால்? இரண்டு பக்கமும் நாலு புள்ளி. உடனே அங்கேயே முதல் கோலோடு முடியும் இன்னொரு குட்டி ஆட்டம். இதை வரிசையில் நிற்கும் பையனுக்கு விளக்கிப் பாருங்கள். 2002 க்குப் பிறகு அந்த முறை இல்லை.

2023 இல் மூன்றில் இரண்டு மறுபடி வந்தது, முதல் சுற்றுக்கு மட்டும். இந்தத் தடவை தொண்ணூறு நிமிடம் சமநிலை என்றால் மேலதிக நேரம் இல்லாமல் நேரே பெனால்டி. 2024 இல் மினசோட்டா இரண்டு ஆட்டத்தையும் 0-0, 1-1 என்று முடித்து, இரண்டையும் பெனால்டியில் எடுத்து, றியல் சோல்ட் லேக்கை அனுப்பியது. ஓர் ஆட்டத்தைக்கூட ஆட்டநேரத்தில் வெல்லாமல் அடுத்த சுற்று. இந்த முறையில் 5-0 வெற்றிக்கும் பெனால்டி வெற்றிக்கும் எடை ஒன்றே.

பலமான அணியைக் காப்பாற்றுவது இந்த முறையின் பெருமை. அதற்கு ஆதாரமும் உண்டு: 1996 முதல் 2002 வரை, தொடராக ஆடிய அந்த ஏழு வருடங்களில், முதலிட அணி கிண்ணம் எடுத்தது நாலு தடவை. அப்போது லீக்கில் பத்துப் பன்னிரண்டு அணிகளே இருந்தன என்பதையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும். ஆனால் மூன்று ஆட்டமும் முழுக்காப்பு இல்லை. 2024 இல் மெஸ்ஸியின் இன்டர் மியாமி 34 ஆட்டத்தில் 74 புள்ளி எடுத்துப் புதிய சாதனை. எதிரே நாற்பது புள்ளியோடு கிழக்குப் பிரிவில் ஒன்பதாவதாக நுழைந்த அட்லாண்டா. முதல் ஆட்டம் மியாமி 2-1. இரண்டாவது அட்லாண்டா 2-1. மூன்றாவது மியாமியின் சொந்த மைதானத்திலேயே அட்லாண்டா 3-2. எட்டாம் ஒன்பதாம் அணிகளை உள்ளே விட்டால் எந்த வடிவமும் முழுதாகக் காப்பாற்றாது.

நமக்கு இதில் பெரிய பொறி அந்த மூன்றாவது ஆட்டம். அது நடக்குமா இல்லையா என்று முந்தின ஞாயிறு பின்னேரம்தான் தெரியும். மைதானத்துக்குத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி எடுக்கவேண்டும், மத்தியஸ்தரைப் பிடிக்கவேண்டும், வேனுக்கு முற்பணம் கொடுக்கவேண்டும். நடக்காவிட்டால் முற்பணம் போச்சு. ஒரே தோட்டத்தின் மேல்பிரிவும் கீழ்ப்பிரிவும் மாலை நேரத்தில் நடந்தே வந்து ஆடுவதென்றால் இது தாராளமாகப் பொருந்தும். வாகனம் தேவைப்படும் எந்த லீக்குக்கும் வேண்டாம்.

## தெரிவு 5: குவாலிஃபையரும் எலிமினேட்டரும்

மேஜர் லீக் சொக்கர் இதைத் தொடவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம், ஏனென்றால் ஐபிஎல் 2011 முதல் இதைத்தான் வைத்திருக்கிறது. முதலாவதும் இரண்டாவதும் மோதும், வென்றவர் நேரே இறுதிக்கு. மூன்றாவதும் நாலாவதும் மோதும், தோற்றவர் வீட்டுக்கு. மேல் ஆட்டத்தில் தோற்றவரும் கீழ் ஆட்டத்தில் வென்றவரும் மோதி (இதுதான் இரண்டாவது குவாலிஃபையர்), வென்றவர் இறுதிக்கு. இதன் பிறப்பிடம் கிரிக்கெட் இல்லை. 1931 இல் விக்டோரியாவில் அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்துக்காக வந்த முறை இது.

இதன் பலம் வெளிப்படை: முதல் இரண்டு அணிகளுக்கும் ஒருமுறை விழுந்து எழும்ப வாய்ப்பு. பொது மைதானத்தில் ஆடினாலும் அந்தச் சலுகை குறையாது. ஒரே ஆட்ட அரையிறுதியைவிட ஓர் ஆட்டம்தான் கூடுதல், மொத்தம் நாலு.

நேரம்தான் இடிக்கும். ஒழுங்காக வைத்தால் மூன்று ஞாயிறு. இரண்டுக்குள் அடக்கினால் இரண்டாவது குவாலிஃபையர் காலையிலும் இறுதி பின்னேரத்திலும் வரும். காலையில் ஆடிய கால்களோடு, ஒரு கிழமை ஓய்வெடுத்த அணியை எதிர்கொள்ளவேண்டும். ஐபிஎல்லில்கூட அப்படி வைப்பதில்லை. இருபத்தைந்து நிமிடப் பாதி என்றால் சமாளிக்கலாம் என்பார்கள், ஆனால் மலை மைதானத்தில் ஓடுவது ஓடுவதுதான். எனக்கு அது சம்மதமில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| முறை | ஆட்டங்கள் | ஞாயிறு | முதலிடத்துக்கு என்ன கிடைக்கும் | தெரியாமல் வரும் செலவு |
|---|---|---|---|---|
| பட்டியல் முதலிடம் | 0 | 0 | எல்லாமே | கடைசி வாரம் சோர்ந்துபோகலாம், கூட்டம் குறையும் |
| ஒரே ஆட்டம், 4 அணி | 3 | 2 | பொது மைதானத்தில் ஒன்றுமில்லை, சமநிலைச் சலுகை வைத்தால் நல்ல பலன் | பெனால்டி, இருட்டு (சலுகை வைத்தால் இறுதிக்கு மட்டும்) |
| ஒரே ஆட்டம், 8 அணி | 7 | 3 | மிகக் குறைவு | லீக் ஆட்டங்களின் மதிப்பு |
| இரண்டு ஆட்டம், 4 அணி, இறுதி ஒன்று | 5 | 3 | கொஞ்சம் | வாகனமும் மத்தியஸ்தரும் இரட்டிப்பு |
| மூன்றில் இரண்டு, 4 அணி, இறுதி ஒன்று | 5 முதல் 7 | 3 அல்லது 4 | நல்ல பலன் | நடக்குமா தெரியாத மூன்றாவது ஆட்டம் |
| குவாலிஃபையர் முறை | 4 | 3 | நல்ல பலன் | ஒரு ஞாயிறு கூடுதல் |

## யாருக்கு எது

பத்து அணி, ஒரே மைதானம், பொங்கலுக்கும் சித்திரைக்கும் நடுவே என்றால்: நாலு அணி, ஒரே ஆட்டம், அரையிறுதியில் சமநிலைச் சலுகை, இறுதியில் மட்டும் பெனால்டி. ஹட்டன் பக்கத்துக் கழகங்களுக்கு யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

எட்டு அணிதான், லீக் ஏழு ஞாயிறில் முடிந்துவிடும், கையில் நேரம் இருக்கிறது என்றால் குவாலிஃபையர் முறை. நுவரெலியா, பண்டாரவளை போல நகர மைதானத்தை மொத்தமாக வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் இது தோது. நாலு பெரிய ஆட்டம் என்று சொல்லி ஆதரவாளர்களிடம் போகலாம்.

பக்கத்துத் தோட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்த மைதானம், நடந்தோ முச்சக்கரவண்டியிலோ போகும் தூரம் என்றால் இரண்டு ஆட்டம். வருமானத்தைவிடச் சனத்தின் சந்தோஷம் முக்கியம் என்று நினைக்கும் கழகத்துக்கு இதுதான் பொருந்தும்.

ஹட்டன் பக்கம் ஒரு பிரிவு, ஊவாப் பக்கம் ஒரு பிரிவு என்று இரண்டாகப் பிரித்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு என்று வையுங்கள், புள்ளி கூடுதல் என்று ஒரு பிரிவின் அணியை மற்றப் பிரிவின் சுற்றுக்குள் தள்ளாதீர்கள். அமெரிக்காவில் அப்படித் தள்ளியதில் 2010 இல் மேற்குப் பிரிவைச் சேர்ந்த கொலராடோ, கிழக்குப் பிரிவின் இறுதியில் இன்னொரு மேற்கு அணியான சான் ஹொசேயை வென்று, கிழக்கின் சம்பியன் ஆனது.

## முதல் விசிலுக்கு முன் தாளில் வரவேண்டியவை

எந்த முறையை எடுத்தாலும் இவை லீக்கின் முதல் நாளே எழுதி, பத்துத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும்.

புள்ளி சமமானால் எந்த வரிசையில் பிரிப்பது: இரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டமா, கோல் வித்தியாசமா? எது முதலில் என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். கடைசி வாரத்தில் ஒரு அணி வராமல் விட்டுக்கொடுத்து எதிரணிக்குக் கோல் கணக்கை ஏற்றுவதைத் தடுக்க, நான் தமக்குள் ஆடிய ஆட்டத்தையே முதலில் வைப்பேன்.

அரையிறுதியில் யார் ஆடலாம் என்பது அடுத்தது. சித்திரைக்கு ஊருக்கு வரும் கொழும்புப் பிள்ளைகள் லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடாமல் அரையிறுதியில் ஜேர்சி போட்டு நிற்பார்கள். மேஜர் லீக் சொக்கரிலும் பிளேஓஃபுக்கு முன் ஒரு திகதியோடு வீரர் பட்டியலைப் பூட்டிவிடுகிறார்கள். நமக்கு மூன்று லீக் ஆட்டம் என்று வைத்தால் போதும். கொழும்பில் வேலை செய்யும் பையனும் மூன்று ஞாயிறு வரலாம், ஆசை இருந்தால்.

இறுதி ஆட்டம் தொடங்கும் நேரம். பிரதம அதிதி வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மணிக்கு விசில் என்று அழைப்பிதழிலேயே போடுங்கள். பொன்னாடை இடைவேளையில் போர்த்தலாம்.

கடைசியாக, பனி. ஆட்டம் பாதியில் நின்றால் போட்டி விதியில் வேறு எதுவும் எழுதாதபட்சம் முழு ஆட்டத்தையும் மறுபடி ஆடவேண்டும் என்பதுதான் உதைபந்தாட்டச் சட்டம். 2-0 என்று முன்னால் நிற்கும் அணியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். ஆகவே தாளில் இப்படி எழுதுங்கள்: முக்கால்வாசி நேரம் கடந்து நின்றால் அப்போதைய கோல் கணக்கே முடிவு, அதற்குமுன் நின்றால் மீதி நிமிடங்கள் மட்டும் அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, அதே கோல் கணக்கிலிருந்து, அதே பதினொரு பேரோடு. நிறுத்துவதா வேண்டாமா என்பது மத்தியஸ்தரின் முடிவு. ஒரு கோல்வாயிலில் நின்று மற்றக் கோல்வாயிலைப் பார்க்க முடியாவிட்டால் நிறுத்தவேண்டும் என்று அதையும் தாளில் போட்டுவிடுங்கள்.